புளியங்கொட்டை தந்த அக்காவுக்கு

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். எனக்குக் கிடைத்தது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டாம் வகுப்பு. முதல் நாள் கரும்பலகையில் எழுதினேன், எழுதினேன், ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவன் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் குழு அக்கா நீங்கள். பாத்திரம் கழுவிவிட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்த்தீர்கள். "தம்பி, கையில ஏதாவது குடு. சும்மா உக்காருன்னா எப்படி உக்காரும்?"

மறுநாள் மஞ்சள் பை நிறையப் புளியங்கொட்டை. தரையில் சாக்பீஸால் பெரிய 'அ' போட்டு, கோட்டின்மேல் கொட்டைகளை அடுக்கச் சொன்னோம். 'இ'யின் சுழிக்கு ஒரே சண்டை. (எனக்கே அது கோணலாகத்தான் வந்தது.) மேசைக்கடிப் பையன் மட்டும் வரவில்லை. "அவன் ஆயா ஊருக்குப் போயிருக்கு, ரெண்டு நாள் விடு" என்று நீங்கள் சொல்லாவிட்டால், அடம்பிடிக்கிறான் என்றே நினைத்திருப்பேன். மூன்றாம் நாள் தானாக வந்து 'ழ' அடுக்கினான். வால் கொஞ்சம் நீளம்.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், சரி, போடவில்லை. ரொம்ப நன்றி அக்கா. அப்புறம், உங்கள் பை என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.