காற்றடிக்கும் மிஷின் விஷயமாக நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் பத்து நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேன் டிரைவர்கள் குரூப் ஒன்றில் கிளம்பி, போடி போய், தேனி போய், கடைசியில் என் மச்சான் கைக்கு வந்தது. அவர் அதை எனக்கே அனுப்பி, "மாப்ளே, இது நம்ம கடையா?" என்று கேட்டிருந்தார். நம்ம கடைதான். அதனால்தான் இந்த மடல்.

கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எர்ணாகுளம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பழைய பெரிய பஸ்ஸை வாங்கிக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறார்கள். 2021-ல் கேரள சுற்றுலாத் துறை கேரவன் திட்டத்தை அறிவித்த பிறகு இந்த மாதிரி வண்டிகள் நம் ரோட்டிலும் அவ்வப்போது தென்படுகின்றன. மதுரை போய்விட்டு வாகமண் போகிற வழியில், கம்பத்தில் நிறுத்தி நம் கடையில் டயருக்குக் காற்றடிக்கிற ஒரு சின்னக் கம்ப்ரசர் வாங்கினார்கள். மலை ஏறி வண்டிப்பெரியாறு பக்கம் ஓரங்கட்டிப் பின் டயருக்குக் காற்றடிக்க, இரண்டே நிமிடத்தில் புகை வந்து மிஷின் நின்றுவிட்டது. "கம்பத்துல டூப்ளிகேட் பொம்மையை வித்து ஏமாத்துறாங்க, கேரளா நம்பர் பிளேட்டைப் பார்த்தா ரேட்டும் தனி" என்கிறது அந்தக் குரல்.

ரேட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது பொம்மை என்ற சொல். என் அப்பா கால் பம்பை வைத்து மிதித்து மிதித்துக் காற்றடித்து ஆரம்பித்த கடை இது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரர்கள் விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து காற்று அடித்துக் கொடுத்திருக்கிறோம். பொம்மை விற்க எங்களுக்கு என்ன அவசியம்?

சரி, கோபத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த மிஷினைக் குமுளி பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மேஜை மேல் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன் நன்றாக இருந்தது, சிலிண்டரில் ஒரு கீறல் இல்லை, ஹோஸும் வால்வும் புதுசு மாதிரியே. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், மட்டும் கரிக்கட்டை. மட்டமான சரக்காக இருந்தால் முதலில் போவது பெரும்பாலும் ஹோஸ் மூட்டு, இல்லையென்றால் பிஸ்டன் ரிங். காயில் இப்படி ஒரேயடியாகக் கருகுகிறது என்றால் அளவுக்கு மீறிய கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். அது எப்படிப் போனது?

மிஷின் 12 வோல்ட். பஸ் 24 வோல்ட். விஷயம் இவ்வளவுதான்.

கார், ஜீப், டெம்போ டிராவலர் எல்லாம் 12 வோல்ட் வண்டிகள். நம் ஊர்ப் பெரிய பஸ், பெரிய லாரி பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஓடுகிற இஞ்சினில் மீட்டர் வைத்தால் முதல் வகையில் 14-ஐ ஒட்டிக் காட்டும், இரண்டாவதில் 28-ஐ ஒட்டிக் காட்டும். 12-க்குக் கட்டிய மோட்டாரில் 28 போனால், எந்த நாட்டில் செய்த எவ்வளவு விலையுள்ள மிஷினும் தாங்காது.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்கிற வீட்டு வண்டிகளின் வீடியோக்களைப் பார்த்துத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஊரில் பஸ் அளவு பெரிய ஆர்.வி.யும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அங்கே அந்த மிஷின் அந்த வண்டிக்குச் சரி. அதே அளவு வண்டி, அதே மாதிரி மிஷின், இங்கே புகை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டு வந்தான் என்று வீட்டுப் பிளக்கில் செருகுகிற கம்ப்ரசரோடு வருகிறவர்கள் உண்டு. அது 120 வோல்ட் மிஷின், நம் வீட்டுக் கரண்ட் 230. தயவுசெய்து செருகாதீர்கள்.

சில டிரைவர்கள் 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு ஒருமுறை வேலை ஆகும். அதையே பழக்கமாக்கினால் ஒரு பேட்டரி இளைத்துப்போகும், இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். பேட்டரி விற்கிறவருக்குத்தான் லாபம்.

வியாபாரத்துக்கு நஷ்டமான ஒன்றையும் சொல்கிறேன். ஏர் பிரேக் உள்ள பஸ், லாரி வைத்திருப்பவர்கள் தனியாகக் கம்ப்ரசர் வாங்குமுன் வண்டியை ஒருமுறை பாருங்கள். பிரேக்குக்காக இஞ்சினிலேயே ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. பல வண்டிகளில் டயருக்குக் காற்று எடுக்கத் தனி வாயும் உண்டு. ஒரு ஹோஸும் அழுத்தம் காட்டுகிற கேஜும் இருந்தால் போதும். அந்த எர்ணாகுளம் வண்டியிலும் இருந்திருக்கலாம்.

நம் கடையில் இருபது வருஷம் இருந்த அண்ணன், யார் வந்தாலும் விலை சொல்வதற்கு முன் "வண்டி என்ன?" என்றுதான் கேட்பார். ஆடியில் அவர் கட்டப்பனையில் சொந்தக் கடை போட்டுவிட்டார், நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், கல்லாவில் புதுப் பையன் இருந்தான். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

இப்போது, மிஷின் வாங்க வருகிறவர்கள் என்னைக் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "இது எத்தனை பி.எஸ்.ஐ. அடிக்கும்?" பி.எஸ்.ஐ. என்பது காற்றின் அழுத்தத்தை அளக்கிற கணக்கு. பெட்டி மேல் 150 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த எண் வேகத்தைச் சொல்லாது. உச்சபட்சமாக எவ்வளவு அழுத்தத்துக்கு அது தள்ளும் என்பது மட்டும்தான். சைக்கிள் டயரையும் 100 வரை அடிக்கலாம், பஸ் டயரையும் 100 வரை அடிக்கலாம், நேரம் ஒன்றா? பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை. சில பெட்டியில் சி.எஃப்.எம். என்று இருக்கும், நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று அர்த்தம். ஒரு சி.எஃப்.எம். என்பது 28 லிட்டர் சொச்சம். அதுவும் எதிரில் அழுத்தம் இல்லாதபோது வருகிற அளவு. டயரில் 60, 70 ஏறியபின் அந்த லிட்டர் நன்றாகக் குறைந்துவிடும்.

ஒரு மனக்கணக்குச் சொல்கிறேன். டயருக்குள் ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ. கூட்ட, அந்த டயரின் வயிறு கொள்கிற அளவு வெளிக்காற்றை ஒருமுறை முழுசாக உள்ளே தள்ள வேண்டும். 60 லிட்டர் கொள்கிற டயர் என்று வையுங்கள். 65-ல் இருப்பதை 80-க்குக் கொண்டுபோக, அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளுகிற மிஷினுக்கு நாலு நிமிடம் ஆகும். ஆறு டயருக்கு 24 நிமிடம். சின்ன மிஷின் இதைத் தாங்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. பெட்டியில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. மிஷின் ஓட வேண்டிய நேரம் எவ்வளவு, ஆற வேண்டிய நேரம் எவ்வளவு என்பது அது. 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஆற வேண்டும். ஆறு டயரையும் ஒரே மூச்சில் அடித்தால் மிஷின் கொதித்து நின்றுவிடும். நல்ல மிஷினில் சூடு ஏறினால் தானாக நிற்கிற அமைப்பு இருக்கும். நின்றதும் கெட்டுப்போச்சு என்று எனக்குப் போன் செய்யாமல் அரை மணி நேரம் பொறுங்கள், திரும்ப ஓடும்.

கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டாஷ்போர்டில் இருக்கும் லைட்டர் சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான் இருக்கும். 15 ஆம்பியர் என்றாலும் 180 வாட்டுக்கு மேல் அது தாங்காது. பெரிய டயருக்கு உருப்படியாகக் காற்றடிக்கிற மிஷின் அதைவிட அதிகம் இழுக்கும். எனவே பேட்டரியில் நேராகக் கவ்வுகிற கிளிப் உள்ளதைத்தான் வேன், கேரவன்காரர்களுக்கு நான் எடுத்துத் தருவேன். இஞ்சினை ஓடவிட்டே அடியுங்கள். சார்ஜ் ஏற்றிக் கையில் வைத்துக்கொள்கிற பேட்டரி மிஷின்கள் இப்போது அழகாக வருகின்றன. பைக்குக்கு, காருக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. கூட்ட நல்லதுதான். ஆறு டயர் வண்டிக்கு அதை நம்பி மலை ஏறாதீர்கள்.

பின்னால் இரட்டை டயர் உள்ளவர்கள் மிஷினைவிட ஹோஸ் முனையை அதிகம் பாருங்கள். உள் டயரின் வால்வு கைக்கு எட்டாது, திருகிப் பொருத்துகிற முனை அங்கே உதவாது. நீளமான கம்பியில் இரண்டு பக்கமும் வாய் உள்ள முனை தனியாகக் கிடைக்கிறது. ஹோஸும் பின் டயர் வரை எட்ட வேண்டும். முன்னால் பேட்டரியில் கவ்விவிட்டு மூன்று மீட்டர் ஹோஸை வைத்துக்கொண்டு பின்னால் நின்றால் என்ன செய்வீர்கள்?

எவ்வளவு காற்று வைப்பது என்று டயர் பக்கவாட்டில் பார்க்காதீர்கள். அங்கே இருப்பது அந்த டயர் தாங்குகிற உச்சம். உங்கள் வண்டிக்கு உரிய அளவு டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே கட்டில், தண்ணீர் டேங்க் எல்லாம் ஏற்றிக் கேரவனாக மாற்றியவர்கள், சாமானோடு எடைமேடையில் ஒருமுறை ஏற்றி, அந்த எடைக்கு டயர் கம்பெனி போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளவெடுங்கள். மிஷின் ஓடும்போது அதிலுள்ள கேஜ் கூட்டித்தான் காட்டும், நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று. கம்பத்தில் மத்தியானம் 35 டிகிரியில் 80 வைத்துவிட்டு மூணாறில் ராத்திரி 15 டிகிரியில் நிறுத்தினால், குளிரிலேயே ஆறு பி.எஸ்.ஐ. குறையும். உயரம் ஏறியதற்கு ஒன்றரை அளவு கேஜில் கூடிக் காட்டும். எப்படியும் நாலைந்து குறைந்திருக்கும். பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். அதேபோல மலை இறங்கி வந்ததும் சூட்டில் கூடிக் காட்டுகிறதென்று காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள்.

நம்பர் பிளேட் விஷயம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே வரி. பெட்டியில் அச்சிட்ட விலைக்குக் கீழேதான் எல்லோருக்கும் கொடுக்கிறோம். ஜீப்காரர்களுக்குக் கொஞ்சம் குறைப்பது வாஸ்தவம். தினமும் வருகிறவர்கள், அதில் பாதிப் பேர் கேரளா பிளேட்டுதான்.

இந்தப் பத்து நாளில் அந்த மெசேஜுக்குக் கீழேயே "அந்தக் கடைக்காரரை எனக்குத் தெரியும், அப்படிச் செய்யமாட்டார்" என்று பதில் போட்டவர்களையெல்லாம் மச்சான் படம் பிடித்து அனுப்பினார். பெயர் சொன்னால் கூச்சப்படுவீர்கள். நெடுங்கண்டத்து ஜீப் சேட்டன் ஒருவர் நேரில் வந்து, மூன்று வருஷமாக வண்டியில் வைத்திருக்கும் அதே மிஷினைக் கல்லா மேல் வைத்து ஓடவிட்டுக் காட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

எர்ணாகுளம் குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இனிமேல் பில்லில் வண்டியின் பெயரும் வோல்ட்டும் எழுதி உங்கள் கையெழுத்து வாங்குவோம். ஓட்டிப் பார்த்த மிஷினைத் திருப்பி எடுக்க இயலாது, விலையும் இந்த மாதத்திலிருந்து 350 ரூபாய் கூடுகிறது.

கார்த்திகை பிறக்கப் போகிறது. சபரிமலை சீசனில் வழக்கம்போலப் போலீஸ் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்குவார்கள். சாமிமார் வண்டிகளுக்குக் காற்றுப் பார்க்க ராத்திரி பதினொரு மணி வரை கடை திறந்திருக்கும். காற்றுக்குக் காசு வேண்டாம், எப்போதும்போல. வண்டி என்ன என்று பையன் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். இப்போது அவனை அப்படித்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன், சைக்கிளில் வருகிறவரையும் கேட்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
கம்பம்