எர்ணாவூர் பிள்ளைகளின் இளைப்பு (ஆஸ்துமா) நோயும் காற்று மாசும்: ஊர் மக்களும் துறைகளும் சேர்ந்த குழு அமைக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்
பெற்றோர், குடியிருப்போர்,
எர்ணாவூர், திருவொற்றியூர் மண்டலம், சென்னை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி நாங்கள் குடியிருக்கிறோம். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியையாவது துடைத்துவிடலாம். டீசல் புகையில் உள்ள, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் அடிவரை போய்விடுகிறது. அதன் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன அளவோ வெறும் 5.

இந்த மனுவை எழுதும் பெற்றோரில் நானும் ஒருவர். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இளைப்பு வந்த ராத்திரிகளில் படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்தபடி உட்கார்ந்திருப்பாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே போகும். ஆட்டோ பிடித்து ஓடுவோம், நெபுலைசர் வைப்பார்கள், விடியும்போது வீடு திரும்புவோம். சில வாரத்தில் மறுபடியும் அதே ஓட்டம். தடுப்பு இன்ஹேலரை ஸ்பேசர் குழாய் வைத்துத் தினமும் கொடுத்தால் இந்த ஓட்டம் பெருமளவு குறையும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. "பம்ப் பிடிச்சா அப்புறம் விடவே முடியாது" என்று பயந்து மறுக்கும் தாய்மார் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே, பள்ளித் தலைமை ஆசிரியர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர், போக்குவரத்துக் காவல் அதிகாரி, மாநகராட்சி அலுவலர், பெற்றோர் ஆகியோர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசும் ஒரு குழுவைத் தாங்கள் அமைத்துத் தர வேண்டும். இப்போது ஒவ்வொரு துறையிடமும் தனித்தனியாகப் போகிறோம். லாரியைக் கேட்டால் ஒரு அலுவலகம், தூசியைக் கேட்டால் இன்னொன்று.

குழு முதலில் எடுக்க வேண்டியது லாரிதான். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பள்ளிப் பக்கம் லாரி நிற்கக் கூடாது. காத்திருக்கும் வண்டிகள் இன்ஜினை அணைக்க வேண்டும். சாலையைக் கூட்டும்முன் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

அடுத்தது மருந்து. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதே ஊழியர்கள் இளைப்பு உள்ள பிள்ளைகளையும் கணக்கெடுத்தால், இன்ஹேலரும் ஸ்பேசரும் சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க ஏற்பாடு செய்யலாம். பள்ளிக்கு ஒரு ஆசிரியருக்காவது அவசரத்தில் இன்ஹேலர் கொடுக்கும் பயிற்சி வேண்டும்.

மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் காற்றை அளக்கும் கருவிகள் உண்டு. எங்கள் பள்ளி வாசல் காற்று எப்படி என்று அவை சொல்லாது. இங்கேயும் ஒரு கருவி வைத்து, அன்றன்றைய அளவைத் தமிழில் பள்ளிப் பலகையில் எழுதச் செய்யுங்கள். காற்றுத் தரக் குறியீடு (AQI) 200ஐத் தாண்டும் நாளில் விளையாட்டு வகுப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். தெருவில் குப்பை கொளுத்துவதை நாங்களே நிறுத்துகிறோம், போகிக்கு டயர் எரிப்பதும் இதில் சேரும். பிள்ளைகள் தூங்கும் அறையில் கொசுவத்தி வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்கிறோம். எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் இளைப்பு வந்தது, அன்று என்ன வாடை அடித்தது என்று நோட்டில் எழுதித் தருகிறோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004லேயே வாளியில் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாங்களும் கற்றுக்கொள்வோம்.

மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும். அதற்குள் முதல் கூட்டத்தைக் கூட்ட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எர்ணாவூர் பெற்றோர், குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைப்பில்)