சொக்குவுக்கு: தகடறுக்கும் கிரைண்டரை எடுக்குமுன் கதவிடுக்கைப் பார்

அன்புள்ள சொக்கு,

ஐயா காலத்தில் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்து, பின்கட்டுக் கொட்டகையில் கிடக்கும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் படங்கள் வந்து சேர்ந்தன. பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டே நாளில் மொத்தத்தையும் கழற்றிவிடப் போவதாகவும், சித்திரையில் பிள்ளையார்பட்டி வரை ஓட்டிப் பார்க்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தக் கழற்றுகிற வேலையை மட்டும் நிறுத்தி வை. முதல் வண்டியை முழுசாகப் பிரித்துப் போடுகிறவர்களில் பலர் கடைசியில் அதைச் சாக்கில் கட்டித்தான் விற்கிறார்கள். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது மூன்று மாதத்தில் மறந்துபோகும். சக்கரம் இல்லாத காரை நகர்த்தவும் முடியாது, பார்க்கவும் பிடிக்காது. ஒரு மூலையை எடு, முடி, அப்புறம் அடுத்த மூலைக்குப் போ.

எந்த மூலை முதலில் என்பதை நீ அனுப்பிய மூன்றாவது படமே சொல்லிவிட்டது. ஓட்டுநர் பக்கக் கதவின் பின்விளிம்பைப் பார். மேலே கதவும் பாடியும் உரசிக்கொண்டு நிற்கின்றன, நகம் நுழையாது. கீழே சுண்டுவிரல் போகும் போலிருக்கிறது. கீலைத் தளர்த்திக் கதவை நகர்த்தினால் சரியாகிவிடும் என்று யாராவது வந்து சொல்வார்கள். வீட்டில் நிலை சாய்ந்து கதவு இடித்தால் நல்ல ஆசாரி கதவைச் சீவ மாட்டார், நிலையைத்தான் பார்ப்பார். இங்கேயும் அதே கதை: கார் நடுவில் தொய்ந்திருக்கிறது.

ஏன் தொய்கிறது? 1962-ல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தபோது ட்ரையம்ஃப் கம்பெனி தன் ஹெரால்டு காரின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருந்த 91.5 அங்குலத்தை 83 ஆகக் குறுக்கி, இரண்டு ஓரத்திலும் ஓடிய பக்கச் சட்டங்களை விட்டுவிட்டது. மிஞ்சியது முதுகெலும்பு மாதிரி நடுச்சேஸி மட்டும். பக்கச் சட்டத்தின் வேலையைக் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி பார்க்கிறது. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று மூன்று அடுக்கு. மேலே தாங்க இரும்புக் கூரையும் இல்லாததால், பெட்டி இற்றால் கார் நடுவில் மடிகிறது. அந்த ஹெரால்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1961 முதல் சென்னையிலேயே ஓடிவந்த வண்டி, பழைய மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. "இது ஹெரால்டுதானே" என்று அவர்கள் சொல்வது முன்சக்கரத்துக்குப் பொருந்தும், இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது.

ஒரு ஸ்க்ரூடிரைவரும், மெல்லிய துணியில் சுற்றிய காந்தமும் எடுத்துக்கொண்டு போ. காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. பெட்டியின் இரு முனைகள், தரைத்தகட்டின் ஓரம், கதவுத் தூண்களின் அடிப்பாகம், பானெட்டுக்குள் பேட்டரி உட்காரும் தட்டு (ஆசிட் சிந்தித் தின்றிருக்கும்), டிக்கித் தரை என்று வரிசையாகக் குத்திப் பார். சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்தைப் பிடிக்கும் கம்பி பாடியில் முடுக்கப்பட்டிருக்கும் இடத்தை மறக்காதே. ஹெரால்டில் அது சேஸியில் பிடித்திருக்கும், ஸ்பிட்ஃபயரில் பாடித் தகட்டில். அங்கே துரு என்றால் பின்சக்கரமே தன்னிஷ்டத்துக்குத் திசைமாறும்.

ஜாக்கி வைக்குமுன் ஒன்று. கொட்டகைத் தரை ஆத்தங்குடிக் கல். ஜாக்கியின் சின்ன வட்டத்தில் அத்தனை எடையும் இறங்கினால் கல் விரிந்துவிடும். இரண்டு அங்குலக் கனத்தில் பலகை போட்டு, அதன்மேல் ஸ்டாண்டு வை. கல் சிமெண்டில் செய்தது, துரு எடுக்கும் ஆசிட் ஒரு சொட்டுப் பட்டாலும் பூவேலை வெளுத்துப்போகும். ஆச்சி அதற்கப்புறம் காரைப் பற்றிப் பேசவே விடமாட்டார்கள்.

இப்போது பெட்டி வேலை. பாடியைச் சேஸியிலிருந்து தூக்காதே. நான்கு ஸ்டாண்டும் சேஸிக்கு அடியில் இருக்கட்டும். தொய்ந்த இடத்தை, பலகை வைத்து, ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கதவின் இடுக்கு மேலிருந்து கீழ்வரை 4, 5 மி.மீ. என ஒரே சீராக வரும் வரை கொண்டுவா. வந்ததும் கதவைக் கழற்றி, ஒரு அங்குலச் சதுரக் குழாயால் முன்தூணையும் பின்தூணையும் இணைத்து வெல்டு வை, கதவு வாசலுக்கு இரண்டு குழாய். இடது, வலது பின்தூண்களுக்குக் குறுக்கே இன்னொன்று. அதுவரை கிரைண்டர் வேண்டாம். குழாய் இல்லாமல் பழைய பெட்டியை அறுத்தால் கார் இன்னும் மடியும், அப்படியே புதுத் தகட்டை ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். பிறகு எந்த டிங்கராலும் அந்தக் கதவை மூட வைக்க முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். உள்தகட்டுக்கும் நடுத்தகட்டுக்கும் 18 கேஜ் சிஆர் தகடு (பூச்சில்லாத வெறும் இரும்புத் தகடு), அதாவது 1.2 மி.மீ., வெளித்தகட்டுக்கு 20 கேஜ் போதும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு வாங்கிவிடாதே: துத்தநாகம் புகைந்து வெல்டில் ஓட்டை விழும், அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் அடிக்கும். சாதா ஆர்க் வெல்டிங் இந்தக் கனத்தை ஓட்டையாக்கிவிடும், கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு அப்பளமாய் நெளியும். 0.8 கம்பி போட்ட மிக் வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையைக் காரைக்குடியில் பிடி. நீளமாகக் கோடு இழுக்கச் சொல்லாதே. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு, கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியதும் நடுவில் ஒன்று. தகடும் தகடும் படியும் விளிம்பில் 6 மி.மீ. துளைகளை ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டு அதை வெல்டால் அடைக்கலாம். ஒவ்வொரு தகடும் பொட்டில் நிற்கும்போதே கதவை மாட்டி மூடிப் பார். அலுப்பாகத்தான் இருக்கும், இருபது தடவை மாட்ட வேண்டிவரும். அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடச் சொல், இந்தப் பெட்டி இற்றதற்குப் பாதிக் காரணம் அவை அடைபட்டதுதான். கடைசியில் உள்ளே மெழுகு பீய்ச்சு.

சின்ன உதிரிகளின் துருவுக்கு உன் ஊரில் இருந்துகொண்டு கவலைப்படலாமா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து வரவழைத்து, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிவதைத்தான் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. அவர்கள் பாடத்தின் சின்ன வடிவம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் நடக்கும். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த சாமானைப் பேட்டரி சார்ஜரின் மைனஸில் கட்டு, ஒரு வேண்டாத இரும்புத் துண்டைப் பிளஸில். இரண்டும் தொடக்கூடாது. 12 வோல்ட், ஒரு ராத்திரி. எவர்சில்வர் துண்டு போடாதே, நீரில் விஷமான குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் வெட்டவெளியில் வை. ஸ்பிரிங்கையும் உயர்ரக போல்ட்டையும் இதில் போட்டால் முறியும் தன்மை வந்துவிடும். அலுமினிய கார்புரேட்டரைப் போட்டால் கரைந்தே போகும்.

முன்சக்கரத்தில் ஒரே ஒரு விஷயம், ஆனால் உயிர் விஷயம். சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் அடியில் பித்தளை மாதிரி ஒரு குமிழ் இருக்கும், பெயர் ட்ரன்னியன். தண்டின் மரை அதற்குள் சுழல்கிறது. அங்கே போக வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். சர்வீஸ் கடைகளில் வழக்கத்தால் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் இறுகி வழியை அடைக்கும், மழைத் தண்ணீர் மரையில் தங்கும், மரை உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து மெலிந்து ஒருநாள் முறியும், சக்கரம் மடிந்து விழும். கழற்றித் துடைத்து, மரையில் குழி இருந்தால் தண்டையே மாற்று. வலதுபக்கத்தில் நேர்மரை, இடதுபக்கத்தில் எதிர்மரை. பழைய உதிரிபாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் பழையதைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்கு. புளி போட்டு விளக்கிப் பளபளக்க வைக்காதே, அங்கே யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

ஸ்பேனர் விஷயம்: இது அங்குலக் கணக்கு வண்டி. 7/16, 1/2, 9/16 மூன்றும் பெரும்பாலான வேலையை முடிக்கும். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் 1/2-ல் உட்காருவது போல இருக்கும், இறுகிய நட்டில் நழுவி மூலையைத் தேய்த்துவிடும்.

என்ஜின் இறுகியிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதே. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் சமமாகக் கலந்ததில் இரண்டு மூன்று கரண்டி ஊற்றி ஒரு வாரம் விடு. முன்னால் உள்ள கப்பியின் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டு. சுழன்றதும் இன்னொரு சோதனை: ஒருவர் கிளட்சை மிதிக்க, நீ கப்பி முன்னால் நகர்கிறதா பார். அளவு 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். கண்ணுக்கே தெரியும்படி நகர்ந்தால் கிராங்குத் தண்டை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கீழே விழுந்தபின் ஓட்டினால் பிளாக்கே போச்சு. டாப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.010 அங்குலம், சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஓஸ் தாங்காது, பம்ப் டயாஃப்ரமோடு சேர்த்து மாற்றிவிடு. பிரேக்கில் ரப்பர் என்று இருப்பதெல்லாம் புதுசு, யோசிக்கவே வேண்டாம்.

பெயிண்டில், இரும்பு தெரியும் நாளிலேயே எபாக்சி பிரைமர் ஏறட்டும், பட்டி அதற்கு மேல்தான். சாம்பல் நிறச் சர்ஃபேஸர் மட்டும் அடித்து ஐப்பசி மழையில் நிறுத்தினால் அது தண்ணீரைக் குடித்துக் கீழே மறுபடி துருவை வளர்க்கும்.

ஆர்சி புத்தகம் இன்னும் ஐயா பெயரில்தானே? வாரிசுச் சான்றிதழ் வைத்து முதலில் உன் பெயருக்கு மாற்று. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த மத்திய விதிப்படி, விண்டேஜ் வகையில் புதுப் பதிவு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் சேஸி, பாடி, என்ஜின் பெரிதாக மாறியிருக்கக்கூடாது, தினசரி ஓட்டவும் கூடாது. சேஸி நம்பர் பொறித்த தகடுகளை, பாடியை அறுக்கும்போது தொலைத்துவிடாதே, இப்போதே படம் எடுத்து வை.

இடதுபக்கக் கதவை இன்னும் படம் அனுப்பவில்லை. பின்விளிம்பு இடுக்கை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, மி.மீ.யில் எழுது.

அன்புடன்,
அண்ணன்