அந்த ஐந்நூறைக் கூட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

அமெரிக்க ஜனாதிபதி 2025 ஜனவரி 20 இல் கையெழுத்து வைத்த உத்தரவை மெச்சி எழுதியிருந்தீர். கருத்தரிக்கும்போதே பெரிய இனக்கலத்தை, அதாவது முட்டையை, உண்டாக்கும் பாலைச் சேர்ந்தவர் பெண், சிறியதை, அதாவது விந்தை, உண்டாக்கும் பாலைச் சேர்ந்தவர் ஆண், இலங்கைக்கும் இந்த வரி காணும் என்று. சட்டம் படிக்கிற பிள்ளைக்கு அது வடிவான வரியாகத்தான் தெரியும். இத்தனை வருசமாக முல்லைத்தீவுப் பக்கம் மிட்வைஃபாகத் திரிகிற எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: கருத்தரித்த அன்று யாரப்பா பார்த்தது? முதல் ஆறேழு கிழமைக்குக் கருவில் விதையும் இல்லை, சூலகமும் இல்லை, எந்தப் பக்கமும் போகக்கூடிய ஒரே இழையம்தான் இருக்கும். பிறந்த பிறகும் யாரும் இனக்கலத்தையோ நிறமூர்த்தத்தையோ (குரோமோசோம்) சோதிப்பதில்லை. காலை விரித்துப் பார்க்கிறோம், எழுதுகிறோம். அவ்வளவுதான்.

பெரும்பாலும் அது சரியாக வரும், அதை நான் மறுக்கவில்லை. வராத பிள்ளைகளைத்தான் சொல்கிறேன், ஆண் பெண் என்று உடம்பை லேசில் பிரிக்க முடியாத இடைப்பால் பிள்ளைகளை.

ஒரு பிள்ளை, ஊர் பேர் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் பொடியன் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய் நப்கினைக் கழற்றிப் பார்த்தால் ஆண்குறி மாதிரித்தான் இருந்தது, ஆனால் பையைத் தொட்டால் இரண்டு பக்கமும் வெறுமை, விதை தட்டுப்படவில்லை. அடுத்த கிழமை பிள்ளை பால் குடிக்காமல் சத்தி எடுத்து, அழக்கூடச் சத்தில்லாமல் துவண்டுபோனது. பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினோம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அதிரீனல் சுரப்பியில் ஒரு நொதியக் குறைபாடு, உடம்பில் உப்பு நிற்காது, கவனிக்காமல் விட்டால் சில நாளிலேயே உயிர் போகும். உள்ளே கருப்பையும் சூலகமும் இருந்தன, வெளியே ஆண் மாதிரித் தெரிந்ததும் அந்தக் குறைபாட்டால்தான். மருந்தில் பிள்ளை தப்பிவிட்டது, இனி ஆயுள் முழுக்க மருந்துதான். அந்த ஆபத்து நேரத்திலும் வாசலில் நின்ற சனம் கேட்டது “பொடியனோ பெட்டையோ?” என்றுதான். “பிள்ளை” என்று சொல்லிவிட்டு அம்மம்மா உள்ளே போய்விட்டா. மனுசிக்கு இருந்த தெளிவு!

இன்னொரு விதமும் உண்டு. நிறமூர்த்தம் ஆண்களுக்கு இருக்கிற எக்ஸ் வை, உள்ளே விதைகள், ஆனால் உடம்பு ஆண் ஓமோனை ஏற்காது. பிள்ளை பெட்டையாகவே பிறக்கும், பெட்டையாகவே வளரும். வீட்டில் சாமத்திய வீட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டு பதினாறு வயது மட்டும் பார்த்திருந்துவிட்டு, இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லையே என்று பிறகுதான் கிளினிக்குக்குக் கூட்டிவருவார்கள். அவளிடம் உம்முடைய வரி “நீ ஆண்” என்று சொல்லும். அதைச் சொல்ல நீர் வருவீரா? நாங்கள்தான் போக வேண்டும்.

கடதாசி பிழைத்தால் என்ன ஆகும் என்று வன்னிச் சனத்துக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2009 க்குப் பிறகு பிறப்புச் சான்றிதழுக்காக நடமாடும் சேவைகளில் வெயிலில் நின்ற ஆட்கள் நாங்கள். உம்முடைய அடையாள அட்டையை எடுத்துப் பாரும். பிறந்த வருசத்துக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் வருசத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டிவிடுவார்கள், ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. பால் இலக்கத்துக்குள்ளேயே குந்தியிருக்கிறது. பாங்கில், பாஸ்போர்ட் எடுக்கிற இடத்தில், நீட்டுகிற இடமெல்லாம் அது முன்னால் போகும்.

2016 இல் பாலினத்தை அங்கீகரிக்கும் சான்றிதழ் வந்தது, நல்ல விசயம். ஆனால் அது திருநர்களை மனதில் வைத்துச் செய்தது, மனநல மருத்துவரின் கையெழுத்து வேண்டும். சுரப்பியில் குறைபாட்டோடு பிறந்த பிள்ளையை எதற்கு மனநல கிளினிக் வரிசையில் இருத்துவது?

நீர் மேற்கோள் தேடுவதென்றால் வாஷிங்டன் மட்டும் போகத் தேவையில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் பாரும். தூத்துக்குடியில் மணப்பெண் திருநங்கை என்று பதிய மறுத்த ஒரு திருமணம் 2019 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது, அருண்குமார் ஸ்ரீஜா வழக்கு. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி சுவாமிநாதன் இடைப்பால் குழந்தைகளுக்குப் பாலை மாற்றி அமைக்கிற சத்திரசிகிச்சை செய்யக்கூடாது என்றும் சொன்னார். அதே வருசம் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தென்றால் தவிர வேண்டாம் என்று ஆணை போட்டது. மால்டா 2015 இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. ஜெர்மனியில் 2013 இலிருந்து பிறப்புப் பதிவில் பாலை எழுதும் கட்டத்தை வெறுமையாக விடலாம்.

எங்களுக்கு வேண்டியது அந்த வெறுமையான கட்டம்தான், தம்பி. இங்கே 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பிறப்பைப் பதியட்டும், பாலை மட்டும் சோதனை முடிவு வரும்வரை, தேவையென்றால் அதற்கு மேலும் விடட்டும். வடிவுக்காக வெட்டித் தைக்கிறதைப் பிள்ளை தானாக வாய் திறந்து சொல்லும்வரை தள்ளிவைக்கட்டும். உம்முடைய கட்டுரையில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதும். வரைவை அனுப்பினால் மருத்துவச் சொற்களை நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
சின்னம்மா