கணக்கு தெரிகிறது, கேள்விதான் புரியவில்லை

அன்புள்ள கயல்,

"1994-லேயே நிறவெறி ஆட்சி போயிடுச்சே அப்பா, உங்க ஸ்கூல் ஏன் இன்னும் அப்படியே இருக்கு?" என்று கேட்டாய். அதற்குள் சிக்னல் போய்விட்டது. சரி, எழுதியே அனுப்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் உம்தாதா நகரத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு மண் பாதையில் ஒன்றரை மணி நேரம் வர வேண்டும். என் ஒன்பதாம் வகுப்பில் 61 பேர். செவ்வாய்க்கிழமை ஆங்கிலத்தில் ஒரு வட்டிக் கணக்கு கொடுத்தேன். கடைசி பெஞ்சுப் பையன் வெறும் தாளை நீட்டினான். அதே கேள்வியை அவன் தாய்மொழியான கோசாவில், எனக்குத் தெரிந்த ஓட்டைக் கோசாவில், சொன்னேன். (என் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்தது.) பேனாவைத் தொடாமலே விடை சொல்லிவிட்டான்!

இவர்கள் படித்து வந்தபோது இங்கே மூன்றாம் வகுப்புவரை தாய்மொழி, நான்காவதிலிருந்து எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பல நாடுகளில் நடக்கும் பிர்ல்ஸ் என்ற வாசிப்புத் தேர்வை 2021-ல் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கள் படித்த மொழியிலேயேதான் எழுதினார்கள். அதிலேயே தென்னாப்பிரிக்கா முழுக்க 81 சதவீதம் பேருக்குப் படித்தது புரியவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்கான படிப்பே போதும் என்று 1953-ல் பாண்டு கல்விச் சட்டம் போட்டார்கள். இந்தப் பையனின் பாட்டி படித்தது அந்தச் சட்டப்படி நடந்த பள்ளியில்தான்.

அப்புறம் பணம். 1996 பள்ளிச் சட்டப்படி, பெற்றோர் கூடி ஒப்புக்கொண்டால் பள்ளி கட்டணம் வாங்கலாம். நகரத்தில் முன்பு வெள்ளையருக்கு மட்டும் இருந்த பள்ளிகள் அதை வைத்துக் கூடுதல் ஆசிரியர்களைப் போட்டுக்கொள்கின்றன. சிலவற்றில் ஆண்டுக்கு 50,000 ராண்டுக்கு மேல். எவர் பிள்ளையும் சேரலாம், நிறம் தடையில்லை. ஆனால் இந்தப் பையன் வீட்டு வருமானம் பாட்டியின் முதியோர் உதவித்தொகை மட்டும்.

குழிக் கக்கூஸ்களை மூன்று ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்று 2013-ல் விதி வந்தது. எங்களுடையது இன்னும் நிற்கிறது. 2014-ல் லிம்போபோ மாகாணத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் பள்ளிக் கக்கூஸ் குழியில் விழுந்து இறந்தான். அதை நினைத்து, சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்புவதே இல்லை.

நவம்பரில் ஆண்டுத் தேர்வு. அப்போது நான் கேள்வியைக் கோசாவில் சொல்லக் கூடாது. அதனால் பள்ளி விட்டதும் அவனும் நாலைந்து பேரும் என்னோடு உட்கார்ந்து கேள்விகளை மட்டும் படிக்கிறோம், கணக்கே போடுவதில்லை. நீ சின்ன வயதில் படித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் பரணில் இருக்கும், அம்மாவைக் கேள். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

அன்புடன்,
அப்பா