மண்டிக்காரர் வராத குழு

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக ஊடகங்களைப் புறக்கணிக்கிறவர்கள் நாலு நாளில் திரும்பிவிடுகிறார்கள், நம் ஆட்களுக்கு வைராக்கியம் போதாது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது. நானும் திரும்பியவன்தான். வைராக்கியத்தைக் குறை சொல்வது சரியில்லை.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய தனியுரிமைக் கொள்கையைக் கொண்டுவந்து, பிப்ரவரி 8க்குள் ஒப்புக்கொள்ளச் சொன்னபோது எங்கள் மாங்காய்க் குழுவிலும் ஒரே கொதிப்பு. காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயிகள் நூற்றுச் சொச்சம் பேர். படித்த பிள்ளைகள் எல்லோர் போனிலும் சிக்னல் என்ற வேறொரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் காலை வணக்கப் படங்கள்கூட அங்கேதான் வந்தன. கெடு மே 15க்குத் தள்ளிப்போனது. அப்புறம் தோத்தாபுரி மாங்காய்ப் பறிப்பும் வந்துவிட்டது. மாங்கூழ் ஆலை விலையும் மண்டிக்காரர் அனுப்பும் சீட்டும் பழைய இடத்திலேயே வந்துகொண்டிருந்தன. கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறியதா, இறங்கியதா என்று தெரியாமல் எப்படி வண்டி ஏற்றுவது? ஒவ்வொருவராகத் திரும்பினோம், யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல். வெட்கமாகத்தான் இருந்தது.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சுங்கம் அதிகம் என்று ஆடு விற்கிறவர்கள் மட்டும் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும்? வாங்குகிறவன் வராத இடத்தில் பொழுது சாயும்வரை ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆட்கள் குழு குழுவாகக் கூடிப் பேசும் ரெட்டிட் தளத்தின் கதை இன்னொரு மாதிரி. அதைப் படிக்க உதவும் வெளியார் செயலிகளிடம் அந்த நிறுவனம் கட்டணம் கேட்டதை எதிர்த்து 2023 ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. ஆனால் பெரும்பாலானவை 48 மணி நேரம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டன. கடையடைப்பு எப்போது முடியும் என்று முதலாளிக்கே தெரிந்துவிட்டால் அவர் எதற்கு இறங்கி வரவேண்டும்? இறங்கி வரவில்லை. ரெட்டிட்டைப் படிக்கப் பலர் வைத்திருந்த அப்போலோ செயலி அந்த மாதம் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது.

போனவர்கள் திரும்பாத கதையும் உண்டு. 2010 ஆகஸ்டில் செய்தி இணைப்புகளைப் பகிரும் டிக் என்ற தளம் தன் அமைப்பையே மாற்றியபோது கோபித்துக்கொண்ட பலர் திரும்பவே இல்லை. போய்ச் சேர அதே ரெட்டிட் அப்போதே கலகலவென்று இருந்தது. இதை அந்தக் கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

வாட்ஸ்அப் கொள்கை விஷயத்தில் அதன் முதலாளியான மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது இந்தியப் போட்டி ஆணையம், 2024 நவம்பரில். நாங்கள் சிக்னலுக்குப் போய் வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2025இல் ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ என்ற செயலி திடீரென்று பரவியபோது குழுவில் மறுபடியும் அதே பேச்சு. மண்டிக்காரர் வருகிறாரா என்று மட்டும் கேட்டேன். அவர் ஏற்றிக்கொண்டார். கூழ் ஆலைக்காரர்கள் இன்னும் வரவில்லை. இப்போது என் போனில் இரண்டும் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு மா விவசாயி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.