சபீனே ஷ்மிட்ஸ் பற்றி விட்டுப்போனவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மகளிர் இணைப்பிதழில் ஜெர்மனியின் கார் பந்தய வீராங்கனை சபீனே ஷ்மிட்ஸ் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அவரைப் பற்றி நம் பத்திரிகையில் ஏதாவது வராதா என்று பல வருடமாக எதிர்பார்த்தவன் நான். ஆசையாகப் படிக்க உட்கார்ந்தால், 'ஆண்களுக்கு நிகராகக் கார் ஓட்டி, டிவி நிகழ்ச்சியில் வேன் ஓட்டிப் புகழ்பெற்றவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படத்துக்கும் அந்த வேனையே போட்டிருக்கிறீர்கள். மனசு ரொம்பச் சங்கடப்பட்டது.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1996-லும் 1997-லும் ஒட்டுமொத்த முதலிடம் பிடித்த அணியில் ஓட்டியவர் அவர். அங்கே பெண்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. சக ஓட்டுநர் யோஹான்னஸ் ஷைட்டின் பிஎம்டபிள்யூ எம்3 காரை அவரோடு மாறி மாறி ஓட்டி, களத்தில் இருந்த அத்தனை பேரையும் முந்தி ஜெயித்தார். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண் அவர்தான். 1998-ல் அதே தடத்தில் நடக்கும் விஎல்என் தொடரிலும் ஷைட்டோடு சேர்ந்து சாம்பியன் ஆனார். 2008-ல் போர்ஷே காரில் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாம் இடம். 2015-ல் உலக டூரிங் கார் தொடரில் ஒரே ஒரு இடத்தில், அதே நூர்பர்க்ரிங்கில் இறங்கி, பத்தாவதாக வந்து ஒரு புள்ளியும் எடுத்தார். இதில் ஒன்றுகூட உங்கள் செய்தியில் இல்லை.

வேன் கதையையாவது முழுசாகச் சொல்லியிருக்கலாம். 'டாப் கியர்' என்ற அந்த பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜெர்மி கிளார்க்சன், நூர்பர்க்ரிங்கில் ஒரு டீசல் ஜாகுவார் காரில் படாதபாடு பட்டு 9 நிமிடம் 59 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். அதே காரை சபீனே 9 நிமிடம் 12 விநாடியில் ஓட்டிக் காட்டினார். அதற்கு அப்புறம்தான் சாமான் ஏற்றும் ஃபோர்ட் டிரான்சிட் வேனை எடுத்து 10 நிமிடம் 8 விநாடியில் கொண்டுவந்தார்; ஜாகுவாரில் ஓட்டிய கிளார்க்சனைவிட ஒன்பதே விநாடிதான் அதிகம். நூர்பர்க் கிராமத்தில் பெற்றோர் நடத்திய ஓட்டலில் வளர்ந்தவர், பயணிகளை ஏற்றிக்கொண்டு பிஎம்டபிள்யூ எம்5 டாக்ஸியில் வருடக்கணக்காக அந்தத் தடத்தைச் சுற்றியவர். அதனால்தான் அது முடிந்தது.

அந்தத் தடம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வேலை நிமித்தம் சில வருடம் ஜெர்மனியில் கொப்ளென்ஸ் நகரத்துப் பக்கம் இருந்தேன். சாதாரண நாளில் காசு கட்டினால் யாரும் சொந்தக் காரில் ஓட்டலாம் என்பதால், கூட வேலை பார்த்த நண்பர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப்போனார். கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவு. ஃபுக்ஸ்ரோரே என்ற இறக்கத்தில் கார் குப்புற விழுவதுபோல் இறங்கி, அடியில் அப்படியே அழுந்தி, மறுபடி மேட்டில் ஏறும்போது என் வயிறு கலங்கிப்போனது. ஒரு பக்கம் வெயில், அடுத்த வளைவில் மழை. இதை இருட்டில், மூடுபனியில், நூற்றுக்கும் மேற்பட்ட கார்களுக்கு நடுவே, சின்னக் கார்களை ஒதுக்கி முந்திக்கொண்டு ஓட்டுவார்கள். பந்தய இரவில் வேலியோரம் நின்று, பிரேக் டிஸ்க் பழுக்கக் காய்ந்து சிவந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இது இன்றைக்கு வந்த வருத்தம் இல்லை. 2021 மார்ச் 16 அன்று 51 வயதில் புற்றுநோயால் அவர் இறந்தபோது உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரி வரவில்லை. நூர்பர்க்ரிங்கில் நான் மேலே சொன்ன அந்த நீளத் தடத்துக்கு நார்ட்ஷ்லைஃபே என்று பெயர்; அதன் முதல் வளைவுக்கு அவர் பெயரை வைத்ததும் வரவில்லை. சக பந்தய ஓட்டுநர் கிளவுஸ் ஆபெலனோடு சேர்ந்து அவர் வளர்த்த ஃபிரிகடெல்லி அணி, 2023-ல் ஃபெராரி காரில் அதே 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. அதையும் விட்டுவிட்டீர்கள். ஜெர்மனி என்றால் ஷூமாக்கர், கார் பந்தயம் என்றால் ஃபார்முலா ஒன், அத்தோடு சரி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி இறங்கியபோது பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு காரை ஏன் பல பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள், ஒரே பந்தயத்தில் ஏன் இத்தனை பிரிவு என்று கடைசிவரை விளக்கவில்லை. என் பேரப்பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டார்கள். இதைப் பற்றி அப்போதே எழுதினேன், பதில் இல்லை.

விளையாட்டுப் பக்கத்தில், மகளிர் இணைப்பில் அல்ல, 1996, 1997 வெற்றிகளைக் குறிப்பிட்டு நாலு வரித் திருத்தம் போடுங்கள். அடுத்த நூர்பர்க்ரிங் பந்தய முடிவையும், முதல் மூன்று அணிகளின் பெயரோடு, மறுநாளே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.